கச்சேரி, சடுகுடு, தேர்தல்: ஒரு மைக் செட்டுக்காரன் கேட்டவை

மைக் செட் கட்டுகிறவனை யாரும் மேடைக்குக் கூப்பிட்டு மாலை போட்டதில்லை. ஆனால் மைக் 'கொய்ங்' என்று கத்திவிட்டால், மேடையில் இருப்பவரும் கீழே இருப்பவரும் ஒரே சமயத்தில் அவனைத்தான் திரும்பி முறைப்பார்கள்.

ஐம்பதுகளின் கடைசியில் திருப்பூரில் இந்தத் தொழிலுக்கு வந்தேன். ஒரு ஆம்ப்ளிஃபையர், தகரப் புனல் மாதிரி இரண்டு ஒலிபெருக்கிகள், பாட்டுப் போட ஒரு ரெக்கார்டு பெட்டி. எல்லாவற்றையும் ஏற்றிப்போக ஒற்றை மாட்டு வண்டி. கோயில் கச்சேரி, சடுகுடுப் போட்டி, அரசியல் கூட்டம் என்று ஊரில் எது நடந்தாலும் எனக்கு ஆள் வரும். அதனால் மூன்றைப் பற்றியும் எனக்கு அபிப்பிராயம் உண்டு. எங்கள் ஊர்க்காரர்களுக்குப் பாடுகிறவர் வெளியூர்க்காரராக இருக்க வேண்டும். ஆடுகிறவன் உள்ளூர்க்காரனாக இருக்க வேண்டும். தேர்தலில் நிற்கிறவர் எந்த ஊராக இருந்தாலும் சரி, ஜெயிக்கிறவராக இருக்க வேண்டும்.

புனலுக்கு நேர் எதிரே வீடு வாய்த்து, கல்யாண மாதங்களில் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு படுத்தவரா நீங்கள்? அப்படியானால் நாம் ஒரே கட்சி. நல்லவேளை, எங்கள் ஊரில் பஞ்சுக்கு மட்டும் பஞ்சமில்லை.

சாயங்காலக் கச்சேரி

ஆறுமுகம் தறி நெய்கிறவர். கோயமுத்தூருக்கு ரயிலேறிப் போய்ப் பாட்டுக் கற்றுக்கொண்டவர். முருகன் கோயில் திருவிழாவில் வெளியூர் வித்துவான்களுக்குச் சாயங்காலம் ஒதுக்குவார்கள். இவருக்கு மத்தியானம் மூன்று மணி வெயில். ஒவ்வொரு வருஷமும் விழாக் கமிட்டியிடம் போய், "ஒரே ஒரு சாயங்காலங்க" என்று கேட்டுவிட்டு வருவார். வெளியூர் வித்துவான் ஒருவர் கடைசி நேரத்தில் வர முடியாமல் போன வருஷம், அது கிடைத்தது. புது வேட்டி கட்டி, நெற்றி நிறையத் திருநீறு பூசி வந்தார். அவர் மனைவி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். மண்டபம் நிறைந்த கூட்டம்.

இரண்டாவது பாட்டு எடுத்திருப்பார். புதுப் பனியன் கம்பெனி ஒன்றின் திறப்பு விழாவுக்கு வந்த சினிமா நடிகர் ரயில்வே ஸ்டேஷன் பக்கம் காரில் நிற்கிறாராம் என்று யாரோ வாசலில் கத்தினார்கள். மண்டபம் ஒரு மூச்சில் காலியானது. கமிட்டிச் செயலாளர் செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினார். மிச்சம் இருந்தது ஆறுமுகத்தின் மனைவி, தூணில் சாய்ந்திருந்த இரண்டு கிழவர்கள், அப்புறம் மைக் செட்டுக்காரர்களான நாங்கள். பாட்டுக் காதில் விழுந்தால் திரும்பி வருவார்கள் என்று நினைத்து, புனலைத் தெருப்பக்கம் திருப்பட்டுமா என்று ஆறுமுகத்திடம் சைகையில் கேட்டேன். வேண்டாம் என்று தலையாட்டினார். கச்சேரியைக் குறைக்கவில்லை. மனைவியைப் பார்த்துக்கொண்டே கடைசி மங்களம் வரை பாடி முடித்தார். அவள்தான் பாதியிலிருந்து தலையை நிமிர்த்தவே இல்லை.

மறுவருஷம் கமிட்டிக்காரர்களுக்கே கூச்சமாகிவிட்டது. அவர்களாகவே சாயங்காலம் தருவதாகச் சொன்னார்கள். ஆறுமுகம் பழைய மூன்று மணியையே கேட்டு வாங்கிக்கொண்டார். ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று மைக்கை அவர் உயரத்துக்குச் சரிசெய்தபடி கேட்டேன்.

"மத்தியானத்துக்கு வர்றவங்க வெயிலுக்கு ஒதுங்க வர்றவங்கதானுங்க. ஆனா எந்திரிச்சுப் போக மாட்டாங்க."

மூச்சுச் சத்தம்

சடுகுடு ஆட்டத்தில் கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு மைக்கைத் தொங்கவிடுவது என் யோசனை. பாடிப் போகிறவனின் 'சடுகுடு சடுகுடு' புனல் வழியாக மைதானம் முழுக்கக் கேட்கும். வேலம்பாளையம் அணியில் சுப்பிரமணி என்று ஒருவன். பஞ்சு அரைக்கிற ஃபேக்டரியில், நாளெல்லாம் தூசிக்குள் வேலை. அவன் பாட்டைக் கேட்கவே பக்கத்து ஊர்களிலிருந்து வண்டி கட்டி வருவார்கள். தறி ஓடுகிற மாதிரி இழை அறாமல் ஒரே சீராக ஓடும். எதிரணி முழுக்க மேலே விழுந்தாலும் அந்தச் சத்தம் மட்டும் அடியிலிருந்து வந்துகொண்டே இருக்கும்.

ஒரு பொங்கல் போட்டி. எதிரணி திருமுருகன்பூண்டி. அவர்களுடைய தலைவன் ராமசாமி சாமி சிலை செதுக்குகிறவன். கை இரும்பு மாதிரி இருக்கும். ஆட்டம் முடிகிற நேரத்தில் இரண்டு பக்கமும் சமம். சுப்பிரமணி பாடிக்கொண்டு போனான். நாலு 'சடுகுடு'வுக்கு நடுவே விசில் மாதிரி ஒரு இழுப்பு கேட்டது. முதலில் என் மிஷினில்தான் கோளாறு என்று நினைத்துத் திருகிப் பார்த்தேன். மிஷினில் ஒன்றும் இல்லை. அது அவன் நெஞ்சு. மைதானமே கேட்டது. ஓர் ஆளைத் தொட்டுவிட்டுத் திரும்பினான். வழியில் கால் தடுமாறி, ராமசாமியின் கைக்கு எட்டுகிற இடத்தில் நின்றான். கணுக்காலைப் பிடித்தால் முடிந்தது. ராமசாமி பிடிக்கவில்லை. சுப்பிரமணி நடந்தே கோட்டைத் தாண்டினான்.

வேலம்பாளையம் ஜெயித்தது. கோப்பை வாங்க சுப்பிரமணியைக் கூப்பிட்டார்கள். அவன் என் மிஷின் பெட்டிக்குப் பின்னால் துண்டை வாயில் வைத்து இருமிக்கொண்டிருந்தான். மேடைக்குப் போகவில்லை. அதற்குப் பிறகு எந்த மைதானத்திலும் அவன் இறங்கவும் இல்லை. அடுத்த ஆடிக்குள் போய்ச் சேர்ந்துவிட்டான். பூண்டிக்காரர்கள் ராமசாமியை அன்று பேசாத பேச்சில்லை, விலை போய்விட்டான் என்றுகூடச் சொன்னார்கள். தண்ணீர் குடிக்க என் பானைப் பக்கம் வந்தவனிடம், கைக்கு வந்ததை ஏனப்பா விட்டாய் என்று கேட்டேன்.

"அந்த இழுப்பு எனக்குத் தெரியுமுங்க. கல்லுத் தூசியில எங்கய்யனுக்கும் அப்படித்தான் கேட்டுச்சு. அதைக் கேட்டதுக்கப்புறம் எப்படீங்க காலைப் புடிக்கறது?"

தோற்றவர் சொன்ன நன்றி

சின்னச்சாமி வாத்தியார் முனிசிபல் தேர்தலில் நின்றார். கட்சி கிடையாது. குடிதண்ணீர்க் குழாய் வேண்டும் என்ற ஒரே பேச்சுதான். எங்கள் ஊர்த் தண்ணீர்க் கஷ்டத்தை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வாசலில் ஆள் நிற்கிறதோ இல்லையோ, குடம் நிற்கும். எங்கள் வண்டியில் உட்கார்ந்து தெருத் தெருவாகப் பேசினார். பாடம் நடத்துகிற மாதிரி நிறுத்தி நிறுத்திப் பேசுவார். பெண்கள் எல்லாம் வாசலுக்கு வந்து தலையாட்டிக் கேட்டார்கள். அவரும் நம்பினார், அவரைப் பார்த்து நானும் நம்பினேன். ஓட்டு எண்ணி முடித்தபோது தோற்றிருந்தார்; அவர் பாடம் சொல்லிக்கொடுத்த பிள்ளைகள் மட்டும் போட்டிருந்தால்கூட, விழுந்த ஓட்டைவிட அதிகம் வந்திருக்கும்.

மறுநாள் காலையில் சலவைச் சட்டையோடு என் கடை வாசலில் நின்றார். "வண்டியைக் கட்டுங்க, நன்றி சொல்ல வேண்டாமுங்களா?" என்றார். ஜெயித்தவர்கள்தான் நன்றி சொல்லப் போவார்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. போனோம். "வாக்களித்தவர்களுக்கும் அளிக்காதவர்களுக்கும் என் பணிவான நன்றி" என்று தெருத் தெருவாகச் சொல்லிக்கொண்டு வந்தார். கதவுகள் திறக்கவில்லை. சில வீடுகளில் திறந்திருந்த கதவையும் மெல்லச் சாத்தினார்கள். அது வெறுப்பினால் இல்லை, வெட்கத்தினால் என்பது சாத்திய விதத்திலேயே தெரிந்தது. கிணற்றடியில் ஒரு பெண் நிறைகுடத்தோடு தனியாகத் திணறிக்கொண்டிருந்தாள். வாத்தியார் மைக்கை என் கையில் கொடுத்துவிட்டு இறங்கிப் போய், குடத்தைத் தூக்கி அவள் இடுப்பில் வைத்தார். அவள் நாலடி நடந்து, திரும்பி நின்றாள்.

"உங்களுக்கே போட்டிருப்பனுங்க வாத்தியாரே. நீங்க ஜெயிக்க மாட்டீங்கன்னு அல்லாரும் சொன்னாங்க, அதனாலதானுங்க போடலை."

இரங்கல் கூட்டம்

நாச்சிமுத்துவும் பழனியப்பனும் எதிரெதிர்க் கட்சி. ஒருவர் கூட்டம் போட்டால் மறுநாள் அதே இடத்தில் மற்றவர் பதில் கூட்டம் போடுவார். இரண்டுக்கும் மைக் செட் என்னுடையதுதான். "நேற்று இதே மைக்கில் ஒருவர் உளறினார்" என்று ஆரம்பித்தால், மைக்கே கொஞ்சம் சூடாகிற மாதிரி எனக்குத் தோன்றும். வழியில் பார்த்துக்கொண்டால் ஒருவர் சைக்கிளைச் சந்துக்குள் திருப்புவார். நாச்சிமுத்து மஞ்சள்காமாலையில் இறந்தார். எல்லாக் கட்சிகளும் சேர்ந்து இரங்கல் கூட்டம் போட்டன. பழனியப்பன் முறை வந்தது. மைக்கைப் பிடித்தார். பிடித்த கையை எடுக்காமல், யாரையும் பார்க்காமல், ஒரே ஒரு வாக்கியம் சொல்லிவிட்டு மேடையிலிருந்து இறங்கி வீட்டுக்குப் போய்விட்டார்.

"நாளைக்கு எனக்குப் பதில் சொல்ல யாருங்க இருக்கறாங்க?"

கையில் கேட்டது

ரங்கன் ஆரம்பத்திலிருந்து என்னோடு இருந்தவன். மரம் ஏறிப் புனல் கட்டுவது அவன் வேலை. கட்டியதும் இறங்கிப்போய்த் தூரத்தில் உட்காரலாம். அவன் புனலுக்கு அடியிலேயே உட்காருவான். யாராவது கல் எறிவார்கள், கயிறு நழுவும் என்று அவனுக்கு ஒரு கவலை. ஒருநாள் கூட்டத்தில் மைக் ஊளையிட்டது. மேடையில் இருந்த தலைவர் உட்பட அத்தனை பேரும் காதைப் பொத்தினார்கள். புனலுக்கு அடியில் ரங்கன் மட்டும் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தான்.

டாக்டரிடம் கூட்டிப்போனேன். இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று அவர் சொன்னார். அதை அவனுக்குச் சொல்ல நான் எவ்வளவோ கத்திப் பார்த்தேன். கடைசியில் அவனே என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டு, என் தோளைத் தட்டிக்கொடுத்தான். வேலையை விடவில்லை. மரம் ஏறக் காது எதற்கு என்று சிரித்தான்.

அந்த வருஷம் பள்ளிக்கூட ஆண்டு விழாவில் அவன் மகள் கடவுள் வாழ்த்துப் பாடினாள். ரங்கன் மடித்துவைத்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்திருந்தான். புனலை வழக்கம்போல மரத்தில் கட்டாமல் மதில் சுவரில் தாழ்வாகக் கட்டினான். ஏன் என்று நான் கேட்கவில்லை. மகள் மைக்குக்கு முன்னால் வந்ததும், எழுந்து போய்ப் புனலின் விளிம்பில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றான். பிள்ளை நன்றாகத்தான் தொடங்கினாள். நடுவில் அடி மறந்துபோய் நின்றுவிட்டாள். டீச்சர் பின்னாலிருந்து எடுத்துக் கொடுத்தபிறகு தொடர்ந்து பாடி முடித்தாள். விழா முடிந்து ஒயரைச் சுற்றும்போது, பாட்டு எப்படி என்று ரங்கன் சைகையில் கேட்டான். நான் இரண்டு கையையும் உயர்த்தி, பிரமாதம் என்று காட்டினேன். அவன் தலையாட்டினான். ஒயரை முழுக்கச் சுற்றித் தோளில் மாட்டிக்கொண்ட பிறகுதான் பேசினான்.

"நடுவுல நின்னுட்டாளேங்ணா, கையில தெரிஞ்சுது. ஊட்டுக்குப் போயி எனக்குத் தெரியாதுன்னே இருந்துக்கறேன்."

ஊருக்கே கேட்கும்படி சத்தம் வைப்பது என் தொழில். ஊர் கேட்டதா என்பது இன்றுவரை என்னால் தீர்த்துச் சொல்ல முடியாத சங்கதி.