மூன்றாவது பொத்தான்

என் உள்ளங்கைகளைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். ஆம்பூரில் எங்கள் கம்பெனியில் தோல் பதனிடும் டிரம்மில்தான் என் இளமை கழிந்தது. மருந்துத் தண்ணீரில் ஊறிய தோலை இழுத்துப் போட்டுப் போட்டு, கை வெடித்துச் செதில் செதிலாக உரிய ஆரம்பித்தது. ரசம் சோறு பிசைந்தால் எரியும். சட்டைப் பொத்தான் போட்டால் ரத்தம் ஒட்டும். வேலூரில் தோல் டாக்டர் பார்த்துவிட்டு, "இனிமே டிரம் பக்கமே போவாதீங்க. போனீங்கன்னா இந்தக் கை ஒங்களுக்கு இல்ல" என்றார்.

முதலாளி என் கையைப் பார்த்தார். "கேட் ரூம்ல உக்காருப்பா" என்று மட்டும் சொன்னார். அப்படித்தான் ஐந்தாவதோடு படிப்பை விட்ட நான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன்.

கேட் ரூம் என்பது கண்ணாடி வைத்த சின்ன அறை. ஏ.சி. உண்டு, கதவை மூடினால் வெளிச்சத்தம் உள்ளே வராது. அதில் மூன்று கம்ப்யூட்டர்கள். ஒன்று கேமராக்களுக்கு. இன்னொன்று உள்ளே வரும், வெளியே போகும் வண்டிகளுக்கு கேட் பாஸ் அடிக்க. மூன்றாவது மணி அடிக்கவும் மைக்கில் அறிவிக்கவும். ஷிப்டு மணி அதிலிருந்துதான் ஒலிக்கும். மேசைமேல் மைக் ஒன்று நிற்கும். கீபோர்டில் நீளமாக இருக்கும் கட்டையை ஒரு முறை தட்டினால் மைக் திறக்கும். அடியில் சிவப்பு விளக்கு எரியும். திரும்பத் தட்டினால் மூடும். ஸ்பீக்கர்கள் எல்லாம் வெளியே முற்றத்திலும் ஹால்களிலும். அறைக்குள் கிடையாது, வைத்தால் வீலென்று கத்தும்.

எனக்கு ஆள் முகம் பார்த்துப் பேச வராது. கடையில் மிச்சச் சில்லறை கேட்கவே நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஆனால் மைக்கில் பேசப் பிடித்திருந்தது. "லாரி டிரைவர் கேட்டுக்கு வரவும்" என்று சொல்லும்போது யாரும் என்னைப் பார்ப்பதில்லை.

மூன்று திரை, மூன்று கீபோர்டு, மூன்று மவுஸ் என்று மேசையில் டீ கிளாஸ் வைக்க இடம் இல்லாமல் இருந்தது. அதனால் கம்பெனி ஒரு சுவிட்ச் வாங்கியது. அதை மாட்ட வேலூரிலிருந்து ஒரு ஆள் வந்தார். சோப்பு டப்பா அளவு கறுப்புப் பெட்டி. மேலே மூன்று பொத்தான். கம்ப்யூட்டர்களை மேசைக்கு அடியில் தள்ளி, ஒவ்வொன்றிலிருந்தும் படத்துக்கு ஒரு வயர், கீபோர்டுக்கும் மவுஸுக்கும் சேர்த்து ஒரு வயர் என்று இழுத்துப் பெட்டியின் பின்னால் சொருகினார். மேசைமேல் ஒரு திரை, ஒரு கீபோர்டு, ஒரு மவுஸ் மட்டும் மிஞ்சின. மைக்கை மட்டும் நேராக மூன்றாவது கம்ப்யூட்டரிலேயே விட்டுவிட்டார். எந்தப் பொத்தானை அமுக்குகிறோமோ அந்தக் கம்ப்யூட்டர் திரையில் வரும், கீபோர்டும் அதற்குத்தான் வேலை செய்யும். நாங்கள் அதை மாத்துப் பெட்டி என்றோம்.

போகும்போது அவர், "ஒன்னு மட்டும் ஞாபகம் வெச்சுக்குங்க. ஸ்கிரீன்ல இல்லன்னா அது நின்னுபோச்சுன்னு அர்த்தம் இல்ல. பின்னால ஓடிக்கினேதான் இருக்கும்" என்றார். நான் தலையாட்டினேன். ஆபீசர் செல்போனில் சிரித்துக்கொண்டிருந்தார்.

ஆபீசர் என்று நான் சொல்வது சரக்கு அனுப்பும் பிரிவில் இருந்தவரை. என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது இளையவர். கேட் பாஸ் அடிக்கிறேன் என்று பாதி நாள் எங்கள் ஏ.சி.யில்தான் இருப்பார். முன்பு அவருக்குத் தனிக் கீபோர்டு. பெட்டி வந்த பிறகு நான் தொட்டதை அவரும் தொட வேண்டியதாயிற்று. முதல் நாளே கீபோர்டைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். இடுக்கில் என் கைச் செதில் கிடந்தது.

"ஐயய்ய, இன்னாயா இது, தேங்கா துருவி வெச்ச மாதிரி?"

கேட்டில் நின்ற டிரைவர்கள் சிரித்தார்கள். கொரோனா சமயத்தில் வாங்கிய மருந்துத் தண்ணீர் பாட்டில் ஜன்னலில் இருந்தது. அதை எடுத்துப் புஸ் புஸ் என்று அடித்து, ஒவ்வொரு பொத்தானாகத் துடைத்தார். பிறகு என்னிடம் ஒரு பழைய பேனாவைக் கொடுத்தார்.

"கைய வெக்காத. இத்தால அமுக்கு. சொறி ஒட்டிக்கினா என் பொண்டாட்டிக்கு யாரு பதில் சொல்றது?"

டாக்டர் இது ஒட்டாத நோய் என்று சொல்லியிருந்தார். அதைச் சொல்ல வாய் வரவில்லை. அன்றிலிருந்து பேனாவின் பின்பக்கத்தால்தான் தட்டினேன். பெட்டியின் பொத்தான்களையும் அப்படித்தான். அவர் மட்டும் விடவில்லை. யாராவது அறைக்குள் இருக்கும்போதுதான் பாட்டிலை எடுப்பார். லாரிக்காரர், டீ கொண்டுவருபவர், தையல் ஹாலிலிருந்து பாஸ் வாங்க வரும் பெண்கள், எல்லார் முன்னாலும் புஸ் புஸ். அந்தச் சத்தம் கேட்டால் எனக்குக் காது சூடாகும். வீட்டில் கண்ணை மூடினாலும் கேட்கும். இந்த ஆளை ஒரு நாள் எல்லார் முன்னாலும் நிற்கவைக்க வேண்டும் என்று நினைத்துக்கொள்வேன். எப்படி என்று தெரியாது. தெரியாமலே காத்திருந்தேன்.

அவருடைய மச்சான், அதாவது மனைவியின் தம்பி, படிப்பை முடித்துவிட்டு வேலை இல்லாமல் அறையில் வந்து உட்கார ஆரம்பித்தான். என் நாற்காலியில் உட்கார்ந்து சுற்றிப் பார்ப்பான். "குஷன் நல்லாக்குது மாமா" என்பான். எனக்குப் புரிந்தது. பிறகு ஆபீசரே சொன்னார்: "டிரம்முல ஆள் கம்மி. ஒனக்குப் பழகின வேலைதானே? ரெடியா இரு." அன்று வீட்டில் சோற்றில் கை வைக்க முடியவில்லை. நாற்காலி போனால் கை போகும். கை போனால் நான் எதற்கு?

ஆயுத பூஜை வந்தது. எங்கள் முதலாளி முஸ்லிம்தான். ஆனாலும் அன்றைக்கு முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்ப்பார், பொரி வாங்கிக்கொள்வார். டிரம் எல்லாம் நிற்கும். தையல் மெஷின்களும் ஜெனரேட்டரும் நிற்கும். வருடம் முழுக்க இரைச்சலில் கத்திப் பேசுகிறவர்களுக்கு அன்று ஒரு நாள்தான் காக்கா கத்துவது கேட்கும். எல்லா மெஷினுக்கும் சந்தனம் குங்குமம். எங்கள் அறைக்கு, மச்சான் பக்கத்தில் நிற்க, ஆபீசரே வைத்தார். திரைக்கு, பெட்டிக்கு, கீபோர்டுக்கு. மைக்குக்கு மட்டும் தாராளமாக அடியில் சந்தனத்தை அப்பி, மேலே குங்குமத்தை வைத்தார். சிவப்பு விளக்கு அதற்குள் போய்விட்டது.

முதலாளி இருக்கும் நாள் என்பதால் அறிவிப்பையும் அவரே செய்தார். மூன்றாவது பொத்தானை அமுக்கி, கீபோர்டைத் தட்டி, "எல்லாரும் கேட்டுக்குங்க. பூஜ முடிஞ்சதும் பொரி பாக்கெட் குடுப்போம். வரிசையா வரணும். தள்ளுமுள்ளு கூடாது" என்றார். உடனே முதல் பொத்தானை அமுக்கி கேமராவுக்கு வந்துவிட்டார். மைக்கை மூடவில்லை. எப்போதும் அதை மூடுகிறவன் நான்தான், பேனாவால். அவருக்கு அது டி.வி.யில் சேனல் மாற்றுவது போல. மாற்றினால் முடிந்தது.

என் கை பேனாவுக்குப் போனது. நின்றது. விளக்கு சந்தனத்துக்குள் எரிந்துகொண்டிருக்கும் என்று எனக்குத் தெரியும். கை வைக்காதே என்றவர் அவர்தானே.

எனக்கு ஆளிடம் பேச வராது. ஆனாலும் பேசினேன்.

"சார், என்னிய எப்ப சார் டிரம்முக்கு அனுப்பப் போறீங்க?"

ஆபீசர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். "பாருடா மச்சான், ஊமை பேசுது! தீபாவளி முடியட்டும்யா. அப்புறம் அந்த சீட்டு இவனுக்கு."

"மொதலாளி ஒத்துக்குனாரா சார்?"

"பெரிசுக்கு இன்னா தெரியும்? நான் சொல்றதுக்குத் தலையாட்டுறதுதான் அதுக்கு வேல. ஒனக்கு சொறி ஜாஸ்தியாச்சு, ஆளுங்க பயப்படறாங்கன்னு சொன்னேன். பாவம், நம்பிடுச்சு."

"திரும்ப டிரம்முக்குப் போனா கை போயிடும்னு டாக்டர் சொன்னாரு சார்."

"போனா போவட்டும். கைநாட்டு வெக்க ஒரு வெரலு போதாது?"

மச்சான் விழுந்து விழுந்து சிரித்தான். நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திரை கட்டம் கட்டமாகப் பிரிந்திருக்கும், கட்டத்துக்கு ஒரு கேமரா. முற்றத்துக் கட்டத்தில் பூசணிக்காயைத் தலைக்குமேல் தூக்கியவர் அப்படியே நின்றார். முதலாளி டீ கிளாஸைக் கீழே வைத்தார். எல்லாத் தலைகளும் ஸ்பீக்கர் பக்கம் திரும்பின. கேமராவில் சத்தம் வராது. முகங்கள் மட்டும்தான்.

இதோடு விட்டிருக்கலாம். விட மனம் வரவில்லை. அவர் மவுஸைப் பிடித்து, வழக்கம்போலத் தையல் ஹால் பெண்கள் நிற்கும் கட்டத்தைப் பெரிதாக்கினார், மற்றக் கட்டங்கள் ஓரத்தில் சிறிதாக நின்றன. நான் கேட்டேன்:

"எதுக்கு சார் அவங்கள பெருசாக்குறீங்க?"

"பின்ன, ஒன் மூஞ்சியவா பெருசாக்கறது? மச்சான், அந்தப் பச்சப் பொடவைய பாரு. நம்ம ஹால்லயே இதான் டாப்பு. காலைல கேட்டுல நொழையிறப்ப ஒரு நட நடக்கும் பாரு."

"நான் தெனமும் பாக்கறேனே மாமா!"

திரையில் பச்சைப் புடவைக்காரி குனிந்து தன் புடவையைப் பார்த்தாள். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். பிறகு தலை நிமிர்ந்து கேமராவைப் பார்த்தாள். பக்கத்தில் இருந்தவர்களும் பார்த்தார்கள். அதே ஹாலில் தைக்கும் என் மனைவியும் அதில் இருந்தாள்.

"இன்னாடா இது, எல்லாம் நம்மளயே பாக்குதுங்க?"

"போட்டோ எடுக்கறோம்னு நெனச்சிக்கிச்சுங்க மாமா."

முதலாளி எழுந்துவிட்டார். முற்றத்துக் கட்டத்திலிருந்து மறைந்து, எடை மேடைக் கட்டத்தில் தெரிந்தார். அடுத்த கட்டம் எங்கள் கதவு. ஆபீசர் இன்னும் பச்சைப் புடவையில் இருந்தார். நான் அந்த மூலைக் கட்டத்தை மட்டும் பார்த்தேன். அவ்வளவு சந்தோஷம் எனக்கு என் கல்யாணத்தில்கூட இல்லை.

கதவு திறந்தது. முதலாளி கத்தவில்லை. "மைக்க நிறுத்து" என்றார்.

"ஆஃப்ல தான் சார் இருக்குது" என்றார் ஆபீசர். திறந்த கதவு வழியாக முற்றத்திலிருந்து அவர் குரலே திரும்பி வந்தது, ஆஃப்ல தான் சார் இருக்குது. பின்னாலேயே வீலென்று ஒரு கத்தல். ஆபீசரின் முகம் வெளுத்தது. கீபோர்டைத் தட்டினார். திரையில் இருந்தது கேமரா, மைக் மூடவில்லை. திரும்பத் திரும்ப அறைந்தார். அந்த டப் டப்பும் கம்பெனி முழுக்கக் கேட்டது.

முதலாளி என்னைப் பார்த்தார். நான் அவசரப்படவில்லை. ஜன்னலிலிருந்து பாட்டிலை எடுத்தேன். ஆபீசரின் கைக்கு அடியிலிருந்து கீபோர்டை இழுத்துக்கொண்டு, மைக்குக்குப் பக்கத்தில் வைத்தே அடித்தேன். புஸ் புஸ். வெளியே ஸ்பீக்கரிலும் புஸ் புஸ். ஒவ்வொரு பொத்தானாகத் துடைத்தேன். பிறகு மூன்றாவது பொத்தானை அமுக்கி, நீளக் கட்டையைத் தட்டினேன். பேனாவால் இல்லை. விரலால்.

மறுநாள் தையல் ஹாலில் ஒரு மெஷினும் ஓடவில்லை. ஆபீசர் அந்தப் பெண்ணிடம் மைக்கில் மன்னிப்புக் கேட்ட பிறகுதான் ஓடின. அவருக்கு மைக்கைத் திறந்துவிட்டவன் நான். அவர் பேசி முடித்த பிறகும் கொஞ்ச நேரம் மூடாமல் வைத்திருந்தேன். அவர் மூச்சு வாங்குவதை எல்லாரும் கேட்கட்டும் என்று. அந்த வாரத்திலேயே அவரை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். முதலாளி என்னிடம், "நீ இங்கியே இரு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

என் மனைவிதான் சந்தோஷப்படவில்லை. "ஒன் கை விஷயத்தோட நிறுத்தியிருக்கலாம் இல்ல? அந்தப் பொண்ணு அத்தினி பேரு எதிர்ல கூனிக் குறுகி நின்னுச்சு. பொம்பளைங்கள பத்தி ஏன் கேட்ட?"

"என் கைக்காக யாரு மெஷின நிறுத்துவாங்க?" என்றேன்.

வழக்கமாக என் கைக்குத் தேங்காய் எண்ணெய் தடவிவிடுகிறவள், அன்று கிண்ணத்தை என் பக்கம் நகர்த்திவிட்டு எழுந்து போனாள்.

போன மாதம் குடியாத்தம் பஸ் ஸ்டாண்டில் ஆபீசரைப் பார்த்தேன். இளைத்திருந்தார். கையில் பை. என்னைக் கண்டதும் முதலில் முகத்தைத் திருப்பினார். பிறகு என்ன நினைத்தாரோ, அருகில் வந்தார்.

"நல்லாக்கறீங்களாண்ணா? பழசெல்லாம் மனசுல வெச்சிக்காதீங்க" என்று கையை நீட்டினார்.

நான் என் கையை நீட்டவில்லை. உள்ளங்கையை விரித்து, செதில் தெரியும்படி அவர் முகத்துக்கு நேராகக் காட்டினேன்.

"சொறி ஒட்டிக்கும் சார்" என்றேன். பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சத்தமாகவே சொன்னேன். அவர் கை கொஞ்ச நேரம் அப்படியே நீண்டிருந்தது. ஆம்பூர் பஸ் வந்தது, ஏறிவிட்டேன்.