நாலாம் இலக்கத்து வேட்பாளர்

"ஆஃப்டர் யூ, ஆஃப்டர் யூ" என்று டண்டினொங் ஸ்டேஷன் வாசலில் பஸ்ஸுக்கு ஆள் ஏற்றிக்கொண்டு நிற்கிறார் இரத்தினசிங்கத்தார். அவர் கொண்டக்டர் இல்லை. அவரும் அந்த பஸ்ஸில் போகவேண்டியவர்தான். கிழவிகள் ஏறினார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஏறினார்கள். பியர் வாசனையோடு வந்த இரண்டு தடியர்களையும் முதுகில் கைவைத்து ஏற்றிவிட்டார். ஒரு பெண் பூனைக்கூடையோடு ஓடிவந்தாள். அவளுக்காகக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவள் ஏறினாள், கதவு மூடியது, பஸ் போய்விட்டது. இரத்தினசிங்கத்தார் தொப்பியைக் கழற்றி பஸ்ஸின் பின்பக்கத்துக்கு வணக்கம் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பி, "நல்ல மனிசன் அண்ணை, அந்த ட்ரைவர்" என்றார்.

வெள்ளைக்காரருக்கு "ஆஃப்டர் யூ", எங்கள் ஆட்களுக்கு "நீங்கள் முதல்." இந்த இரண்டு சொல்லோடும் அவர் நாற்பத்தைந்து வயது வரை வந்து சேர்ந்துவிட்டார். தகரப் பேணி செய்யும் தொழிற்சாலையில் ஸ்டோரில் வேலை. அங்கே சாப்பாட்டு வரிசையில் எப்போதும் கடைசி ஆள் அவர்தான். கருகின 'மீட் பை' பலகாரம் அவருக்கென்றே எழுதினது. விருந்து வீட்டில் கோழிக்கறிச் சட்டி அவரிடம் வந்து சேரும்போது அகப்பைச் சத்தம் மட்டும் கேட்கும். ஒருமுறை இவரைப் போலவே இன்னொருவர் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். இரண்டு பேரும் குசினி வாசலில் "நீங்கள் முதல்", "இல்லையில்லை, நீங்கள் முதல்" என்று நின்றதில் எங்கள் வீட்டுத் தேத்தண்ணி ஆறிப் பச்சைத் தண்ணியாகிவிட்டது.

நான் அப்படிப்பட்டவன் இல்லை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். கப்பலில் குசினி வேலைக்கு ஏறி, இந்த ஊரில் இறங்கி, மற்றவனுடைய லொறியைக் கழுவி, இன்றைக்குச் சொந்தமாக மூன்று லொறி ஓடவிடுகிறேன். மகேந்திரராஜா என்ற பெயரை இங்கிலீசில் எழுதக் கதவில் இடம் போதவில்லை. மிச்சத்தைப் பின்பக்கப் பலகையில் எழுதச் சொன்னேன். தன் பெயரைத் தானே சொல்லாதவனுடைய பெயரை வேறு யார் சொல்லப்போகிறார்கள்? இதை இரத்தினசிங்கத்தாருக்குப் பலமுறை விளக்கியிருக்கிறேன். "ஓம் அண்ணை, நூற்றுக்கு நூறு சரி" என்று சொல்லிவிட்டு எனக்குக் கதவைத் திறந்துவிடுவார்.

இந்த மனிதர்தான் சென்ற மே மாதம் விக்டோரியா மாநிலத் தேர்தலில் நின்றார்.

ஏன் நின்றார் என்றால், மிலிக்காவால் நின்றார். மிலிக்கா யூகோஸ்லாவியாக்காரி. அவர் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி, இரண்டு பெண் குழந்தைகளோடு வாடகைக்கு இருந்தவள். புருஷன் இல்லை. இந்த நாட்டுப் பிரஜை ஆகிவிட்டாள். இங்கிலீசு மட்டும் இன்னும் வந்து சேரவில்லை. கூரை ஒழுகி முகடு விழுந்ததற்கு அவள்தான் காரணம் என்று வீட்டுக்காரன் வழக்குப் போட்டான். துணைக்குப் போன இரத்தினசிங்கத்தார் அவளுடைய கைப்பையைத் தூக்கிக்கொண்டு பின் வரிசை வாங்கில் இருந்தார். மொழிபெயர்க்க ஒருவரும் இல்லை. கேள்வி கேட்டார்கள், விளங்காவிட்டாலும் மரியாதைக்குத் தலையாட்டினாள். மறுபடி கேட்டார்கள், மறுபடி ஆட்டினாள். நாலைந்து ஆட்டலில் மழை பெய்ததற்கும் பொறுப்பேற்று, வீட்டைக் காலி செய்யவும் சம்மதித்து முடித்துவிட்டாள்.

இரத்தினசிங்கத்தார் சும்மா இருக்கவில்லை. எழும்பினார். "ஐயா, இவவுக்கு விளங்கேல்லை" என்று சொல்ல இங்கிலீசில் வாயைத் திறந்தார். அதே நேரத்தில் கோர்ட்டு எழுத்தரும் எதற்கோ வாயைத் திறந்தார். பழக்கதோஷம்: "ஆஃப்டர் யூ" என்று சொல்லி மறுபடி வாங்கில் இருந்துவிட்டார். எழுத்தர் கூப்பிட்டது அடுத்த வழக்கை.

அதற்குப் பிறகு இரண்டு நாள் அவருக்குச் சோறு இறங்கவில்லை. மிலிக்காவையும் பிள்ளைகளையும் கூட்டிவந்து தன் படுக்கையறையைக் கொடுத்தார். மனைவி சந்திரவதனாவும் அவரும் ஹோலில் பாய் விரித்தார்கள். "வீட்டைக் குடுத்தார், கட்டிலைக் குடுத்தார். என்னைத்தான் இன்னும் ஒருத்தருக்கும் குடுக்கேல்லை" என்று சந்திரவதனா எனக்குச் சொன்னாள். சொன்ன கையோடு மிலிக்காவின் பிள்ளைகளுக்கு முட்டை பொரிக்கவும் போனாள். அந்தக் குசினியில் இரண்டு பெண்களும் பேசும் பாஷை உலகத்தில் எந்தப் பள்ளிக்கூடத்திலும் இல்லை. உப்பு என்றால் நாக்கை நீட்டுவது, போதும் என்றால் அகப்பையைக் கவிழ்ப்பது.

தேவாலய மண்டபத்தில் ஒரு கூட்டம் நடந்தது. இத்தாலியர், கிரேக்கர், யூகோஸ்லாவியர், எங்கள் தமிழர் ஐந்தாறு குடும்பம். எங்களுக்கென்று ஒரு வேட்பாளர் வேண்டும் என்று எல்லோரும் மேசையில் தட்டினார்கள். யார் நிற்பது என்றதும் எல்லோரும் தங்கள் கால் சப்பாத்தைப் பார்த்தார்கள். இரத்தினசிங்கத்தார் கதிரை கதிரையாகப் போய், "நீங்கள் முதல், நீங்கள் நில்லுங்கோ" என்று ஒவ்வொருவரையும் கும்பிட்டார். ஒவ்வொருவரும் மாட்டேன் என்றார்கள். மண்டபத்தைச் சுற்றி முடித்துப் பார்த்தால், மாட்டேன் என்று சொல்லாத ஒரே ஆள் அவர்தான்! கைதட்டினார்கள். நான் விசிலே அடித்தேன்.

கொள்கை என்ன என்று கேட்டால் மூச்சு விடாமல் சொல்லுவார். "மழை ஒழுகாத வீடு. எட்டு வயசுப் பிள்ளையை மொழிபெயர்க்க நிப்பாட்டி, தாய்க்கு என்ன வருத்தம் எண்டு கேக்காத ஆஸ்பத்திரி. பாஷை தெரிஞ்ச ஆள் பக்கத்திலை நிக்கிற கோர்ட்டு. இவ்வளவுதான் அண்ணை. நான் ஒண்டும் சந்திரனைக் கேக்கேல்லை." மற்ற வேட்பாளர்களின் கொள்கைகள் பதினாறு பக்கத்தில் வழவழப்பான தாளில் வந்தன. நான் மூன்றையும் வாங்கி லொறிக் கண்ணாடி துடைத்துப் பார்த்தேன், ஈரம் ஒட்டவில்லை.

கொள்கை சொல்லுவதில் குறையே இல்லை. வாக்குக் கேட்பதில்தான் கோளாறு. கதவைத் தட்டிவிட்டு மூன்று அடி பின்னால் போவார். ஒரு வீட்டில் நாலாவது அடியும் போய் ரோசாச் செடிக்குள் குந்திவிட்டார். வீட்டையும் ஆஸ்பத்திரியையும் கோர்ட்டையும் பற்றி அருமையாகச் சொல்லுவார். கேட்டவன், "சரி, உனக்குத்தானே வாக்குப் போடவேண்டும்?" என்றால் போதும், முகம் சிவந்துவிடும். "மெக்கின்னன் நல்ல மனிதர். அரசாங்கக் கட்சிக்காரர் அனுபவசாலி. அந்த டீச்சர் அம்மாவும் கெட்டிக்காரி" என்று எதிராளிகளுக்கு வாக்குச் சேர்ப்பார். "நீ யாருக்காக வேலை செய்கிறாய், மேட்?" என்று ஒரு கிழவன் கேட்டான். பக்கத்தில் நின்ற எனக்கும் அதே சந்தேகம்.

மெக்கின்னன் எதிர்க்கட்சி வேட்பாளர். ஒரு நாள் இவருடைய குசினிக்கே வந்து, கண்ணில் தண்ணி வழிய வழியச் சந்திரவதனாவின் வடையைத் தின்றார். "உங்கள் மூன்று கோரிக்கையும் நியாயம். ஆனால் கட்சியில் நான் வாய் திறக்க எண்ணிக்கை வேண்டும். எத்தனை பேர் உங்களுக்கு ஒன்று போட்டார்கள் என்று காட்டுங்கள். கோர்ட்டுக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று நானே எழும்பிக் கேட்பேன்" என்றார்.

ஊரில் இருப்பவர்களுக்கு இதை விளக்கவேண்டும். இங்கே வாக்குச்சீட்டில் ஊரைப்போல ஒருவருக்கு மட்டும் புள்ளடி போடுவதில்லை. பிடித்தவருக்கு ஒன்று, அடுத்தவருக்கு இரண்டு என்று எல்லோருக்கும் இலக்கம் போடவேண்டும். எந்த வரிசையில் போடுவது என்று ஒவ்வொரு வேட்பாளரும் ஒரு மாதிரிச் சீட்டு அடித்து வாசலில் நின்று கொடுப்பார்கள். இரத்தினசிங்கத்தார் வெல்லப்போவதில்லை என்று அவருக்கே தெரியும். வெல்லவும் இல்லை. ஆனால் அவர் பெயருக்கு நேரே ஒன்று விழவேண்டும், கணக்காக விழவேண்டும். விழாவிட்டால் மிலிக்காவைப் போன்றவர்கள் கோர்ட்டில் இன்னும் தலையாட்டிக்கொண்டே இருப்பார்கள்.

வெள்ளிக்கிழமை மாதிரிச் சீட்டுகள் அச்சகத்திலிருந்து என் லொறியில் வந்தன. சந்திரவதனா கட்டைப் பிரித்தாள். ஒன்றை எடுத்தாள். வாசித்தாள். கதிரையில் இருந்தாள்.

அரசாங்கக் கட்சிக்காரருக்கு ஒன்று. மெக்கின்னனுக்கு இரண்டு. டீச்சருக்கு மூன்று. இரத்தினசிங்கம், நாலு.

"இஞ்சாருங்கோ, இது என்ன?"

"மாதிரிச் சீட்டு."

"அது தெரியுது. நீங்கள் ஏன் நாலாவதாக் கிடக்கிறியள்?"

"அரசாங்கக் கட்சிக்காரர் வயசிலை மூத்தவர். மெக்கின்னன் எங்கட வீட்டிலை சாப்பிட்ட மனிசன். டீச்சர் பொம்பிளை. அவையளைப் பின்னாலை தள்ளிப்போட்டு என்ரை பேருக்கு நானே ஒண்டு போடுறதே? பார்க்கிற சனம் என்ன சொல்லும்?"

"உங்களுக்கு விசரே? அண்ணை, நீங்களாவது இந்த மனிசனுக்குச் சொல்லுங்கோ!"

என்னால் எப்படிச் சொல்ல முடியும்? நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குசினி நிலத்தில் குந்திச் சிரித்துக்கொண்டிருந்தேன். சந்திரவதனாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. என்ன நடந்தது என்று தெரியாமலே மிலிக்காவும் சிரித்தாள். பேனையால் திருத்திப் பார்த்தோம். தடித்த கறுப்பு எழுத்து. நாலை ஒன்றாக்கினால் நசுங்கின எறும்பு மாதிரி இருந்தது. சந்திரவதனா கட்டோடு தூக்கி அடுப்புப் பக்கத்தில் வைத்தாள். "நாளைக்குச் சீட்டு இல்லை. வாய்தான் இருக்கு. வாயைத் திறந்து கேளுங்கோ."

பின்னேரம் என் லொறிக் கொட்டிலில் அவருக்குப் பயிற்சி கொடுத்தேன். லொறியில் இருக்கும் என் பெயரை வாக்காளராக நினைத்துக்கொண்டு சொல்லச் சொன்னேன். "எனக்குப் போடுங்கோ."

"எங்களுக்குப் போடுங்கோ" என்றார்.

"எங்களுக்கு இல்லை ஐசே. எனக்கு!"

"இஞ்சாலை ஒருக்கால் பாருங்கோ" என்று லொறிக்குச் சொன்னார்.

"எனக்கு!"

"எ..." என்று தொடங்கினார். இருமல் வந்துவிட்டது. தண்ணி கொடுத்தேன். "நீங்கள் முதல் குடியுங்கோ அண்ணை" என்றார்.

போகும்போது நான் சும்மா சொன்னேன்: "மிலிக்காவிடம் கேட்டுத் தொடங்கும் ஐசே. வீட்டுக்குள்ளேயே ஒரு வாக்கு இருக்கிறதே."

இரத்தினசிங்கத்தார் நின்றுவிட்டார். அவர் கோபப்பட்டு நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். "அவவிட்டை மட்டும் கேக்கமாட்டன். என்ரை வீட்டிலை இருக்கிற மனிசியிட்டை வாக்குக் கேட்டா, படுக்க இடம் தந்ததுக்குக் கூலி கேக்கிற மாதிரி. நான் நிக்கிறன் எண்டுகூட அவவுக்குச் சொல்லேல்லை."

சனிக்கிழமை ஆரம்பப் பள்ளிக்கூடத்து வாசலில் தூறல். மூன்று கட்சி ஆட்களும் குடை பிடித்துக்கொண்டு, வாக்காளரின் கைக்குள் சீட்டைத் திணித்தார்கள். இரத்தினசிங்கத்தார் கல்யாணக் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்து வாசல் படலையைத் திறந்து பிடித்தார். வருகிறவர்களுக்கெல்லாம் "குட் மோர்னிங்", "ஆஃப்டர் யூ." பள்ளிக்கூடத்துக் காவலாளி என்று நினைத்து ஒருத்தி கழிப்பறை எங்கே என்று கேட்டாள். அழைத்துக்கொண்டு போய்க் காட்டிவிட்டு வந்தார்.

நான் பொறுக்கமாட்டாமல் என் லொறியின் மூக்கில் ஏறி நின்று, "இந்தா நிற்கிறார் இரத்தினசிங்கம்! இவருக்கு ஒன்று போடுங்கள்!" என்று எனக்குத் தெரிந்த இங்கிலீசு முழுவதையும் அவிழ்த்துவிட்டேன். மூன்று லொறி வாங்கித் தந்த இங்கிலீசு அது. நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். இரண்டு பேர் இரத்தினசிங்கத்தாரிடம் வந்து கைகொடுத்து, "அவர் சொல்லுவது உண்மையா?" என்று கேட்டார்கள்.

"அவர் என்னிலை அன்பு வைச்சவர்" என்றார்.

தேர்தல் அதிகாரி வந்து என்னைக் கீழே இறங்கச் சொன்னார். இறங்கினேன். சந்திரவதனா புருஷனைப் பார்த்தாள். அவர் படலையைப் பார்த்தார். மதியம் தாண்டியும் அந்த ஒரு சொல் அவர் வாயிலிருந்து வரவில்லை. மெக்கின்னன் கேட்ட எண்ணிக்கை ஒவ்வொரு குடையாக எங்களைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.

அப்போது மிலிக்கா வந்தாள். தலையில் பூப்போட்ட துணி, இரண்டு பக்கத்திலும் இரண்டு பிள்ளைகள். வாக்குப் போடாவிட்டால் அபராதம் என்பது மட்டும் அவளுக்குத் தெரிந்திருந்தது. மூன்று கட்சி ஆட்களும் அவளை மொய்த்துக்கொண்டு மூன்று சீட்டைக் கொடுத்தார்கள். "ஒன்று இங்கே, லவ்!", "அவனை நம்பாதே!", "இதோ, என்னைப் பார்!" என்று மூன்று பக்கமும் சத்தம். அவள் ஒவ்வொருவருடைய வாயையும் பார்த்தாள். பிறகு, கோர்ட்டில் ஆட்டியதைப் போலவே மூன்று பேருக்கும் தலையாட்டத் தொடங்கினாள்.

இரத்தினசிங்கத்தார் படலையை விட்டார். அது படாரென்று ஒரு குடைக்காரனின் முழங்காலில் அடித்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டு கட்சிகளுக்கு நடுவில் தோளால் இடித்துக்கொண்டு அவளிடம் போனார். "எக்ஸ்கியூஸ் மீ"யும் இல்லை, ஒன்றும் இல்லை! சந்திரவதனா என் கையைப் பிடித்தாள்.

மிலிக்கா அவரைக் கண்டதும் முகம் மலர்ந்து, மூன்று சீட்டையும் விசிறிபோல விரித்துப் பிடித்தாள். புருவத்தைத் தூக்கினாள். எது?

அவர் மெக்கின்னனுடைய சீட்டைப் பார்த்தார். மற்ற இரண்டையும் பார்த்தார். மூன்றையும் அவள் கையிலிருந்து மெதுவாக எடுத்துக் கோட்டுப் பையில் வைத்தார். அவளுக்குத் தெரிந்த பாஷை அவரிடம் இல்லை. அவருக்குத் தெரிந்த பாஷை அவளிடம் இல்லை. மழைத்தண்ணி மூக்கு நுனியில் சொட்ட, இரத்தினசிங்கத்தார் வலக்கையின் சுட்டுவிரலை நீட்டினார். அது திரும்பி அவர் நெஞ்சிலேயே வந்து குத்திநின்றது. எடுக்கவில்லை. கல்யாணக் கோட்டின் பொத்தான் உள்ளே அமிழும் வரை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார்.