வலமாகவே சுற்றிய கார்

வளவன் வீட்டில் அவன்தான் முதல் பட்டதாரி. கீழ்பென்னாத்தூர் பக்கம் நிலக்கடலை போடுகிற குடும்பம். திருவண்ணாமலையில் மெக்கானிக்கல் முடித்தவன், படித்த கல்லூரியிலேயே ஒர்க்‌ஷாப் பயிற்றுநராகச் சேர்ந்துவிட்டான். அந்தப் பட்டத்தைவிடப் பெரிய பெருமை ஒன்று அவனுக்கு இருந்தது. கல்லூரியின் ரேஸ் கார் அவன் கடைசி வருடத்தில் வரைந்தது.

டிவியில் வரும் கிராண்ட் பிரி கார்களைப் போல ஒற்றை இருக்கை, வெளியே துருத்திய நான்கு சக்கரங்கள், முதுகுக்குப் பின்னால் ஒரு பைக் இன்ஜின். கோயம்புத்தூர் பக்கம் வருடா வருடம் நடக்கும் மாணவர் பந்தயத்துக்கென்றே செய்தது. உடைந்துவிடக் கூடாதே என்ற பயத்தில் டிராக்டர் டிரெய்லருக்குப் போடுகிற கனத்தில் குழாய் போட்டிருந்தான். மற்றவர்கள் காரை நாலு பேர் தூக்கினால் இதற்கு எட்டுப் பேர் வேண்டும்.

முதல் வருடம் பிரேக் சோதனையிலேயே வெளியே அனுப்பினார்கள். அடுத்த இரண்டு வருடமும் பாதிப் பந்தயத்தில் நின்றது, ஒரே நீண்ட வளைவில். அசையாமல் உட்கார்ந்துவிடுவதால் மற்றக் கல்லூரிக்காரர்கள் ‘நந்தி’ என்று பேர் வைத்தார்கள். அந்தப் பேர் திருவண்ணாமலை வரைக்கும் வந்துவிட்டது.

வளவனுக்குப் புரியாதது ஒன்றுதான். கல்லூரி மைதானத்தில் பழைய டயர்களை அடுக்கிச் சுற்றவிட்டால் கார் நாள் முழுக்க ஓடும். பம்ப்பை மாற்றினான், ஒயரிங்கை மாற்றினான். ஊரில் ஓடுவதும் போன இடத்தில் நிற்பதும் மாறவில்லை.

இந்த வருடம் முதல்வர் கூப்பிட்டுச் சொன்னார். “வளவன், இந்தத் தடவையாவது பந்தயத்தை முடிங்க. ஜெயிக்கச் சொல்லல. முடிக்கலனா வண்டியைப் பிரிச்சு லேபுக்குக் குடுத்துடலாம்.”

அன்று சாயங்காலம் மைதானத்தில் அவனுக்கு வேலையே ஓடவில்லை. கார் ஓட்டுகிறவள் மூன்றாம் வருட மாணவி மெஹ்ஜபீன், செங்கம் சாலைக்காரி. வழக்கமாக அவள் உள்ளே வரும் பக்கம் தண்ணீர் லாரி ஒன்று மறித்து நின்றது. எதிர்ப்பக்கமாக நுழைந்தவள் அப்படியே சுற்றத் தொடங்கினாள்.

காவலாளி கண்ணாயிரம் கேட்டிலிருந்து குரல் கொடுத்தார். “இன்னாம்மா இது? அப்பிரதட்சணமா போற?”

“லாரிய எடுக்கச் சொல்லுங்கணா, நேரா போறேன்,” என்றாள் அவள். சொல்லி வாய் மூடுவதற்குள் இன்ஜின் இரண்டு தரம் இருமி நின்றுபோனது.

“பாத்தியா,” என்றார் கண்ணாயிரம். “மலைய வெச்சிக்கினு எடமா சுத்துனா?”

மெஹ்ஜபீன் ஹெல்மெட்டைக் கழற்றிச் சிரித்தாள். வளவன் சிரிக்கவில்லை.

“பெட்ரோல் எவ்ளோ இருக்கு?”

“பாதி டேங்க் இருக்கு சார்.”

“மறுபடியும் ஸ்டார்ட் பண்ணு. இப்டியே எடமா போ.”

மறுபடியும் நின்றது. வலமாக விட்டான். ஓடியது.

அப்போதுதான் அவனுக்குப் பிடிபட்டது. இந்த மைதானத்தில் நான்கு வருடமாக யாரும் இடமாகச் சுற்றியதே இல்லை. அப்படிச் சுற்று என்று யாரும் சொல்லவும் இல்லை. இந்த ஊரில் சுற்றுவது என்றாலே வலம்தான். கை தானாக அந்தப் பக்கம் திருப்பும், மெஹ்ஜபீனுக்கும் அப்படித்தான். வலமாகத் திரும்பினால் பெட்ரோல் இடது ஓரத்துக்கு ஒதுங்கும். வலப்பக்கம் சைலன்சர் சூடு என்பதால் பெட்ரோல் உறிஞ்சும் குழாயை அவன் வைத்ததும் இடது ஓரத்தில். கோயம்புத்தூர்த் தடமோ இடமாகச் சுற்றுவது. டேங்க் பாதியாகி நீண்ட வளைவு வந்ததும் குழாய்க்குக் காற்றுதான் கிடைத்திருக்கிறது.

“நம்ம டிசைன் தப்பா சார்?”

“என் டிசைன்தாம்மா தப்பு,” என்றான். அதைச் சொல்லும்போது, நான்கு வருடத்தில் முதல்முறையாக அவனுக்கு மூச்சு லேசாக வந்தது. இனி எங்கே கை வைக்க வேண்டும் என்று தெரிந்துவிட்டது.

டேங்குக்குள் தடுப்புத் தகடுகள் வைத்து, குழாயை நடுவுக்குக் கொண்டுவந்தார்கள். மைதானத்தில் இடமாகவே ஓட்டிப் பழகினார்கள். கண்ணாயிரம் அந்தப் பக்கம் பார்க்காமல் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

பந்தயத்தன்று வளவன் அந்த வளைவின் வேலியோரம் போய் நின்றான். எல்லாரும் நந்தியைத் தாண்டிப் போனார்கள். சிலர் இரண்டு தரம் தாண்டினார்கள். அது கனத்த உடம்போடு வளைவுக்குள் வரும், அவன் வேலிக்கம்பியை இறுக்கிப் பிடிப்பான், அது வெளியே போகும். கடைசிச் சுற்றில் வெளியே போனபோதுதான் கையை எடுத்தான். உள்ளங்கையில் கம்பியின் தடம் பதிந்திருந்தது. அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டான். முதல்வருக்கு ‘முடிச்சிட்டோம் சார்’ என்று அனுப்பினான். ‘வண்டி இருக்கட்டும்’ என்று பதில் வந்தது.

மறுநாள் கார் லாரியில் திரும்பியபோது கேட்டைத் திறந்தது கண்ணாயிரம்.

“எத்தினியாவது வந்துச்சி தம்பி?”

“கடசிணா.”

“நமக்குப் பின்னாடி யாரும் இல்லயா?”

“யாரும் இல்ல.”

“அப்ப சரி. இடிக்க ஆளில்லாம நிம்மதியா ஓட்டியிருக்கும் பொண்ணு,” என்று கேட்டை அகலத் திறந்துவிட்டார்.