பால் மட்டும்தான் என்று சொன்னேன்

இரட்டைப் பிள்ளைகள் என்று எனக்கு ஒருவரும் சொல்லியிருக்கவில்லை. மகன் பிறந்ததும் கொடியை வெட்டிவிட்டு நிமிர்ந்த மருத்துவிச்சி மறுபடியும் குனிந்தாள். "பொறு பிள்ளை, இன்னுமொண்டு கிடக்குது" என்றாள். கால்மணி நேரத்தில் மகளும் வந்துவிட்டாள். நாங்கள் எதிர்பார்த்திருந்தது ஒரு பிள்ளையை. அதுவும் இன்னும் இரண்டு மாதம் கழித்து.

இரண்டாம் உலக யுத்தம் தொடங்க இரண்டு மூன்று வருடம் இருந்த காலம் அது. நீர்வேலியில் என் கணவருக்கு வாழைத்தோட்டம். நெல் புடைக்கும் ஒரு சுளகில் அவருடைய பழைய வேட்டியை நாலாக மடித்துப் போட்டு, இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் கிடத்தினார்கள். அப்படியும் சுளகில் இடம் மிச்சமிருந்தது. அழுகிறார்களா என்று காதைக் கிட்டக் கொண்டுபோய்த்தான் கேட்க வேண்டும்.

இருவருக்கும் உறிஞ்சத் தெரியவில்லை. பாலைக் கிண்ணத்தில் பீய்ச்சி, பஞ்சுத் திரியில் நனைத்து, வாயில் சொட்டுச் சொட்டாக விட்டேன். மகன் ஒரு மாதத்தில் மார்பைப் பிடித்துவிட்டான். மகள் பிடிக்கவில்லை. இரண்டு சொட்டு உள்ளே போனால் மூன்றாவது புரையேறும். உதடு நீலம் பாரித்துவிடும். தூக்கி முதுகைத் தட்டினால் குடித்ததெல்லாம் மூக்கால் வரும். அவளுக்கு ஒருமுறை கொடுத்து முடிக்க ஒரு மணித்தியாலம் செல்லும். அதற்குள் மகன் பசியில் கத்துவான். அவனை அமர்த்திவிட்டுத் திரும்பினால் அவளுடைய அடுத்த நேரம் வந்திருக்கும். யாருக்குக் கொடுத்தேன், யாருக்குக் கொடுக்கவில்லை என்பது மறந்துபோய், இரண்டு வயிற்றையும் மாறி மாறித் தடவிப் பார்த்துக்கொண்டு இருந்த நாட்கள் உண்டு.

ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். கணவரின் தமக்கை, ஐந்து பிள்ளை பெற்றவள், அடுத்த வளவிலிருந்து தினமும் வருவாள். "மச்சாள், உம்மடை பால் அவளுக்கு ஒத்துவரேல்லை. ஆட்டுப்பால் குடும்" என்பாள். மருத்துவிச்சி ஆட்டுப்பாலே கூடாது என்றாள். பட்டணத்து ஆசுபத்திரிக்குப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை மாட்டுவண்டிலில் போய்ப் பிள்ளைகளை நிறுத்துக்கொண்டு வருவோம். அங்கிருந்த நேர்ஸம்மா, "தாய்ப்பாலைத் தவிர வேறை ஒண்டும் வாயிலை வைக்கப்படாது" என்று விரலை ஆட்டிச் சொல்லுவா. மூவரும் உறுதியாகத்தான் சொன்னார்கள். எனக்குத்தான் ஒன்றிலும் உறுதி இல்லை.

வயதைக்கூட எப்படிக் கணக்கிடுவது என்று தெரியவில்லை. பிறந்த நாளிலிருந்து எண்ணினாள் மச்சாள். நேர்ஸம்மா இரண்டு மாதத்தைக் கழித்து எண்ணினா. மகன் ஐந்து மாதத்தில் கவிழ்ந்தபோது, மச்சாளின் கணக்கில் அது பிந்தியது, நேர்ஸம்மாவின் கணக்கில் முந்தியது. மகள் எந்தக் கணக்கிலும் கவிழவில்லை. கிடத்தினால் கிடத்தியபடியே கிடந்து முகட்டைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

பிள்ளைகளுக்கு ஏழு மாதம் நடந்துகொண்டிருந்த ஒரு மத்தியானம், கணவர் தோட்டத்தால் வந்து மகளை மடியில் வைத்துக்கொண்டு கஞ்சி குடித்தார். சிவப்பரிசிக் கஞ்சி, நன்றாகக் கரைந்து கூழாகியிருந்தது. நான் கிணற்றடியில் துணி அலசிக்கொண்டிருந்தேன்.

"இஞ்சேர், கெதியா வாரும்! இவள் விழுங்குறாள்!"

ஓடினேன். அவர் சுண்டுவிரலால் கஞ்சியைத் தொட்டு அவள் நாக்கில் தடவியிருக்கிறார். அவள் வாயைச் சப்பிவிட்டு மறுபடியும் திறந்துகொண்டு இருந்தாள். இருமவில்லை. மூக்கால் வரவில்லை.

"என்ன வேலை செய்தனீங்கள்? நேர்ஸம்மா என்ன சொன்னவா?" என்று கத்தினேன்.

"நான் வேணுமெண்டு குடுக்கேல்லை. கையை எட்டிப் பிடிச்சாள்."

பயத்தில் உடனே பாலைத் திரியில் நனைத்துக் கொடுத்தேன். புரையேறியது. பிறகு என் பாலில் இரண்டு விரல் கஞ்சியைக் குழைத்துக் கொடுத்தேன். இறங்கியது. அடுத்தநாள் எங்கள் தோட்டத்து இதரை வாழைப்பழத்தை மசித்துப் பாலோடு குழைத்தேன். அதுவும் இறங்கியது. தண்ணியாக இருந்தால் ஏறுகிறது, தடிப்பாக இருந்தால் இறங்குகிறது. ஏன் அப்படி என்று யோசித்து யோசித்துப் பார்த்தேன், விளங்கவில்லை. சந்தோஷப்படுவதா, வயிற்றைக் கெடுத்துவிடுவேனோ என்று பயப்படுவதா என்றும் தெரியவில்லை.

பதினைந்தாம் நாள் ஆசுபத்திரியில் மகளைத் தராசில் வைத்த நேர்ஸம்மா முள்ளை இரண்டு தரம் பார்த்தா.

"நல்லா ஏறியிருக்கிறாள். என்ன குடுத்தனீங்கள்?"

"பால் மட்டும்தான்" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று கேட்டால், ஆட்டிய அந்த விரலுக்குப் பயந்து என்றுதான் சொல்ல முடியும்.

நேர்ஸம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. பக்கத்து வாங்கிலில் உட்கார்ந்திருந்த பெண்ணிடம் திரும்பினா. குருநகரிலிருந்து வந்த மீன்பிடிகாரரின் மனைவி, கழுத்தில் சிலுவை, மடியில் என் மகளை விட மெலிந்த ஓர் ஆண்குழந்தை. "இந்த அம்மாவைப் பாருங்கோ. பொறுமையாப் பால் மட்டும் குடுத்து எப்பிடிக் கொண்டு வந்திருக்கிறா. நீங்களும் அப்பிடியே செய்யுங்கோ."

அந்தப் பெண் என்னைக் கும்பிடாத குறையாகப் பார்த்தாள்.

வண்டில் வரைக்கும் வந்துவிட்டேன். கணவர் மகனை வாங்கிக்கொண்டு "ஏறும்" என்றார். என்னால் ஏற முடியவில்லை. மகளை இடுப்பில் வைத்தபடியே திரும்பி ஓடி, ஆசுபத்திரி வாசல் படலையடியில் அந்தப் பெண்ணைப் பிடித்தேன்.

"தங்கச்சி, உங்கடை பிள்ளைக்கும் புரையேறுதோ?"

"ஓம் அக்கா, ஒவ்வொரு முறையும்."

"நான் பால் மட்டும் குடுக்கேல்லை. கஞ்சியைப் பாலோடை குழைச்சுத் தடிப்பாக் குடுக்கிறன்."

அவள் திகைத்து நின்றாள். "இப்பதானே பால் மட்டும் எண்டு சொன்னீங்கள். நான் எதை நம்புறது?"

"எனக்கும் தெரியேல்லை, பிள்ளை. இவளுக்கு இறங்குது. அவ்வளவுதான் தெரியும்."

வழி முழுவதும் அழுதுகொண்டு வந்தேன். அவளுடைய பிள்ளைக்கு ஏதாவது ஆனால், பொய் சொன்னதால் ஆகியிருக்குமா, உண்மை சொன்னதால் ஆகியிருக்குமா?

அடுத்தமுறை போனபோது முதல் வேலையாக நேர்ஸம்மாவிடம் உண்மையைச் சொன்னேன். நன்றாக ஏசினா. "படிச்ச நாங்கள் சொல்லுறது உங்களுக்கு விளையாட்டோ?" என்றா. ஏசி முடித்து, மகளின் காலைப் பிடித்துப் பார்த்து, நெஞ்சில் குழல் வைத்துக் கேட்டா. பிறகு குரலைத் தாழ்த்தி, "எவ்வளவு தடிப்பாக் கரைக்கிறனீங்கள்?" என்று கேட்டா. கையில் ஊற்றிக் காட்டுவது போலச் செய்து காட்டினேன்.

குருநகர்ப் பெண்ணை இரண்டு மாதம் கழித்துத்தான் கண்டேன். குழந்தை அவள் தோளில் நித்திரை. "ஒரு நேரம் பால், ஒரு நேரம் கஞ்சி. எது பிடிச்சதெண்டு தெரியாது, அக்கா. இருக்கிறான்" என்றாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

மகனுக்குப் பல் முளைத்தபோது மகளின் வாய் முரசில் ஒரு பல்லும் இல்லை. முதல் பல்லுக்கு அவிக்கும் பல்லுக்கொழுக்கட்டையை ஒருவன் தலையில் மட்டும் கொட்டுவதா, இரண்டு பேருக்கும் சேர்த்தா என்று வீட்டில் பெரிய வாக்குவாதம். கடைசியில் இருவரையும் ஒன்றாக இருத்தித்தான் கொட்டினோம். மகளை நான் பின்னால் பிடித்திருக்க வேண்டியிருந்தது. அவள் மடியில் விழுந்த கொழுக்கட்டை ஒன்றை எடுத்துப் பல்லில்லாத வாயால் நன்னிக்கொண்டே இருந்தாள்.

மகன் ஒரு வயது தாண்டி மூன்றாம் மாதம் நடந்தான். மகள் இரண்டு வயதுக்குக் கிட்டத்தான், மழை விட்டிருந்த ஒரு காலையில், முற்றத்துச் சேற்றில் நாலடி வைத்தாள். நாலாவது அடியில் விழுந்து, எழும்பி, மறுபடியும் நடந்தாள். பிந்தியா, நேரத்துக்கா என்று எண்ணிப் பார்க்க விரல்களை மடித்தேன். எந்த மாதத்திலிருந்து தொடங்குவது என்று பிடிபடவில்லை. அதற்குள் அவள் சேற்றுக் கையோடு என் சேலையைப் பிடித்துவிட்டாள்.