லண்டன் எலியும் படுவான்கரை யசோவும்

போன கிழமை கல்லடியில் எங்கள் வீட்டு அரிசி வாளிக்குப் பின்னால் ஒரு சுண்டெலி பிடிபட்டது. மருமகள் பசை அட்டையில் கருவாட்டுத் துண்டு வைத்திருந்தாள். முன்கால் இரண்டும் ஒட்டிக் கிடந்தது. நான் தேங்காயெண்ணெய் தடவிக் கழற்றி, வேலிக்கு அப்பால் விட்டேன். "மாமி, அது நாளைக்கே திரும்பி வரும்" என்றாள். வரட்டும். அவளுக்குக் காரணம் சொல்லப்போனால் அடுப்பில் கறி அடிப்பிடித்துவிடும். உங்களிடம் சொல்கிறேன், உங்களுக்கு அவசரமில்லைதானே.

விரலில் எண்ணெய்ப் பிசுக்கு. துடைக்க ஸ்பிரிட் போத்தலைத் திறந்தேன். அந்த மணம் என்னை நேரே பழைய ரத்த வங்கி அறைக்குக் கொண்டுபோய்விட்டது. சண்டை நடந்த காலம். நான் டவுண் ஆஸ்பத்திரி ரத்த வங்கியில் தாதியாகப் புதிதாகச் சேர்ந்திருந்தேன். சைக்கிளை உருட்டிக்கொண்டு கல்லடிப் பாலத்தைக் கடக்கவேண்டும், சென்றியில் ஆமிக்காரருக்குச் சோற்றுப் பார்சலையும் பிரித்துக் காட்டவேண்டும். அறையில் ரத்தப் பைகள் வைக்கும் குளிர்சாதனப் பெட்டி ஒன்றே ஒன்று. கரண்ட் போய் அதன் இரைச்சல் நின்றால் ஐஸ்கட்டி தேடி ஓடுவோம்.

அந்த நாட்களில்தான் சுகந்தியின் கடிதம் வந்தது. என்னோடு பயிற்சி எடுத்தவள். லண்டனுக்கு ஓடிப்போய், ஓர் ஆய்வுகூடத்தில் எலிக்கூடு கழுவிக்கொண்டிருந்தாள். கடிதத்துக்குள் ஒரு சுண்டெலியின் படம். வழியில் கடிதங்களை உடைத்துப் பார்க்கும் காலம் அது. இந்த எலி என்ன சங்கேதம் என்று எத்தனை பேர் மண்டையைக் குடைந்தார்களோ தெரியாது.

விஷயம் இதுதான். ரத்தத்துக்குச் சிவப்பைத் தருவது ஹீமோகுளோபின். தாயின் வயிற்றில் இருக்கும்போது அதற்கு ஒரு மரபணு வேலை செய்யும். பிறந்த பிறகு அது மெல்ல ஓய்ந்துவிட, வேறொன்று வேலையை எடுத்துக்கொள்ளும். அந்த இரண்டாவது பழுதாகிப் பிறக்கிற பிள்ளைகளுக்குத் தலசீமியா. முதலாவதை எது ஓயவைக்கிறது, அதைத் திரும்ப எழுப்ப முடியுமா என்று பார்க்க, மனிதரின் மரபணுவை எலிக் கருவுக்குள் வைத்து வளர்க்கிறார்களாம். சுகந்தி எழுதியது இவ்வளவுதான். நானோ அந்த எலியை நானே பெற்றதுபோல ஆஸ்பத்திரி வாட்டெல்லாம் பீற்றித் திரிந்தேன்.

பீற்றியதற்குக் காரணம் யசோ. எட்டு வயதிருக்கும், தலசீமியாப் பிள்ளை. மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்றாவிட்டால் வெளுத்துச் சுருண்டுவிடுவாள். வாவிக்கு மேற்கே படுவான்கரையில் வீடு. தகப்பன் நாகமணி வயல்வட்டையில் நெல் வேளாண்மை செய்கிறவர். தாயும் தகப்பனும் அவளைப் 'பாதை'யில் ஏற்றி வருவார்கள். பாதை என்றால் எங்கள் பக்கத்தில் ஆளையும் சைக்கிளையும் ஏற்றி வாவியைக் கடக்கும் மிதவை. அக்கரை இயக்கத்திடம், இக்கரை அரசாங்கத்தின் ஆமியிடம். ரத்தம் தருகிறவர்கள் இக்கரை ஆட்கள்: ஒரு ரீச்சர், காத்தான்குடியிலிருந்து சாரன், லுங்கி விற்கும் ஒரு வியாபாரி. தமிழ் ஊரும் முஸ்லிம் ஊரும் முகம் பார்க்காத நாட்களிலும் அந்த மனுசன் வந்து படுத்துக் கையைக் கொடுத்துவிட்டுப் போனார்.

நாகமணியும் வந்தவுடன் சட்டைக் கையை மடித்துவிடுவார். "என்ட ரெத்தத்த எடுங்க மிஸ்." அவருக்கே ரத்தம் குறைவு. பழுதான மரபணு ஒன்று அவரிடமும் இருந்தது. அதைச் சொல்ல எனக்கு வாய் வராது. "மறுகா பாப்பம்" என்று தட்டிக் கழிப்பேன்.

ஒருநாள் ரத்தம் ஏறிக்கொண்டிருக்கும்போது யசோவுக்கு எலிப் படத்தைக் காட்டினேன். அவளுக்கு விளங்கவேண்டுமே என்று, "ஒனக்குள்ள நல்ல ரெத்தம் ஒண்டு நித்திரையாக் கிடக்கு. அத எப்பிடி எழுப்புற எண்டு இந்த எலியில பாக்கிறாங்க" என்றேன்.

"இதுக்குள்ள மனிசர்ட ரெத்தமா, மிஸ்?"

தாயும் எட்டிப் பார்த்தாள். "அப்ப ரெண்டு எலிய அனுப்பச் சொல்லுங்களன். நாங்க வளத்து எடுப்பம். வீட்ட தவிடு கிடக்கு."

நான் சிரித்தேன். நாகமணி சிரிக்கவில்லை. "இந்தப் பழுது புள்ளைக்கு எங்கயிரிந்து வந்த?" என்று கேட்டார். பேச்சு மும்முரத்தில் எனக்கு வாய் முந்திவிட்டது. தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று என்று சொல்லிவிட்டேன். அவர் மடித்துவிட்ட சட்டைக் கையை மெதுவாக இறக்கினார்.

"அப்ப நான்தான் குடுத்திருக்கன்."

யசோதான் சொன்னாள்: "அரைவாசிதான்ப்பா. மத்த அரைவாசி அம்மா. சண்ட புடிக்காம இரிங்க." அவளை அள்ளிக் கொஞ்சவேண்டும் போலிருந்தது. அவள் கையில் ஊசி ஏறியிருந்ததால் தலையை மட்டும் தடவினேன்.

ரத்தம் எலும்புக்குள் ஊறுகிறது என்றும் அன்றைக்குச் சொல்லித் தொலைத்திருந்தேன். அடுத்த மாதம் முறைப்பாட்டோடு வந்தார்கள். "விடிஞ்சா இவக்கு இதான் வேல மிஸ். கணுக்கால்ல தட்டித் தட்டி, 'எழும்பு, எழும்பு' எண்டு கத்திறா" என்றாள் தாய். "வட்டையில எலிக்கு மருந்து வைக்கவும் வுடுறா இல்ல. இந்தப் போகம் எலிக்குத்தான்" என்றார் தகப்பன்.

"எழும்பிட்டா மிஸ்?" என்று யசோ கேட்டாள். ஒரு துளி எடுத்துக்கொண்டு உள்ளே போய், பார்ப்பதுபோலக் கொஞ்சநேரம் நின்றுவிட்டு வந்தேன். "இன்னும் கொஞ்சம் தட்டணும் மகள்."

பிறகு சண்டை முற்றிப் பாதை நின்றுபோனது. யசோவின் பெயர் எழுதிய பை பெட்டிக்குள் காத்திருந்தது. பிள்ளைப்பேற்று வாட்டிலிருந்து ரத்தம் கேட்டு வந்தபோதும், வேறு பை தேடிக் கொடுத்துவிட்டு இதைப் பின்னுக்குத் தள்ளி வைத்தேன். அதன் கெடு முடிய இன்னும் ஓரிரு நாள்தான் என்றபோது, ஒரு பின்னேரம் நாகமணி அவளைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். இறால்காரர் ஒருவரின் தோணியில், கம்பில் வெள்ளைச் சாரனைக் கொடியாகக் கட்டிக்கொண்டு வந்திருந்தார். பிள்ளையின் உதட்டில் நிறமே இல்லை. பை பாதி ஏறியபோது காதுமடல் சிவந்தது. அதைப் பார்த்துவிட்டு நான் உள்ளே போய் அழுதேன்.

ரத்தம் எப்படியோ கிடைத்தது. ஆனால் ஏற்ற ஏற்ற உடம்பில் இரும்பு சேரும், அதை இறக்கும் மருந்து எங்களுக்கு எப்போதாவதுதான் வரும். அந்த இரும்பு இதயத்தில் தங்கிவிட்டது. யசோ பெரியபிள்ளையாகாமலே போய்விட்டாள்.

இப்போது பாதை இல்லை, அது ஓடிய இடத்தில் வாவிக்குக் குறுக்கே புதுப்பாலம் இருக்கிறது. சென்றி இருந்த இடத்தில் இளநீர் விற்கிறார்கள். ரத்த வங்கி புதிய கட்டடத்துக்குப் போய்விட்டது, அங்கே என்னைத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. போன மாதம் சுகந்தி தொலைபேசியில் சொன்னாள்: ஓய்ந்த மரபணுவை எழுப்பும் வைத்தியம் வந்துவிட்டதாம், அங்கே சில பிள்ளைகள் ரத்தம் ஏற்றாமலே ஓடியாடித் திரிகிறார்களாம். இதை யாரிடம் சொல்வது? ஓட்டோ பிடித்துப் படுவான்கரைக்குப் போனேன்.

நாகமணி தனியே இருந்தார். மனைவியும் போய்விட்டாள், கண்ணும் மங்கல். குரலில்தான் என்னை அடையாளம் பிடித்தார். சொன்னதையெல்லாம் கடைசிவரை கேட்டார்.

"அந்த மருந்து நோகுமா மிஸ்?"

அதற்கு முன் கொடுக்கும் கடுமையான மருந்தில் முடி கொட்டும், வாயெல்லாம் புண்ணாகும், கிழமைக்கணக்கில் ஆஸ்பத்திரியில் கிடக்கவேண்டும் என்றும் சுகந்தி சொல்லியிருந்தாள்.

"இல்ல" என்றேன். "நோகாது."

"அப்ப நல்லம்" என்றார். "அவக்கு ஊசியெண்டாத்தான் பயம்."