மதினி போட்ட முடிச்சு

பக்கத்து வீட்டுப் பெண்ணின் கழுத்தில் ஏறிய கருகமணி இன்றைக்கும் என் கண்ணில் நிற்கிறது. பேகம்பூரில் எங்கள் வீட்டுக்கும் அந்தத் தோல் வியாபாரி வீட்டுக்கும் ஒரே சுவர். அறுபதுகளின் தொடக்கம், செம்பட்டியில் எனக்கு மாப்பிள்ளை பேசி முடித்திருந்தார்கள். என் மதினி, அதாவது மாப்பிள்ளையின் அக்காள், முகூர்த்த ரவிக்கைக்கு அளவெடுக்க வந்திருந்தாள். அவளையும் கூட்டிக்கொண்டு பக்கத்து வீட்டுக் கல்யாணத்துக்குப் போனேன். வெளிப்பந்தலில் ஆண்கள் நடுவே நிக்காஹ் முடிந்ததும், உள்ளே பெண்கள் சூழ உட்கார்ந்திருந்த மணப்பெண்ணுக்கு மாப்பிள்ளையின் தாயார் கருகமணி கட்டினார். எங்களில் மாப்பிள்ளைதான் தாலி கட்டுவார். மூன்றாவது முடிச்சை மட்டும் அவருடைய உடன்பிறந்தாள் போடுவாள். இந்த வித்தியாசம் எனக்கு வேடிக்கையாக இருந்தது. மதினி பார்த்தது வேறொன்று. அந்தத் தாயார் கணவரை இழந்தவர்.

"புருசன் இல்லாதவுகதானே அவுக? யாரும் ஒன்னும் சொல்லலையே" என்று வீட்டுக்கு வந்தும் கேட்டுக்கொண்டிருந்தாள். மதினியும் சின்ன வயதிலேயே கணவனைப் பறிகொடுத்தவள். தாய் தகப்பன் இல்லாத தம்பியை வளர்த்து, பெண் தேடி, தாம்பூலம் மாற்றியது வரை எல்லாம் அவள்தான். முடிச்சுப் போட மட்டும் அவர்களுடைய சித்தப்பா மகளுக்குச் சொல்லி வைத்திருந்தார்கள்.

"நீங்கதான் போடணும் மதினி" என்றேன்.

"வாயக் கழுவு. அவுக வழக்கம் அவுகளோட. நாளைக்கு என் தம்பிக்கு ஒரு காய்ச்சல் வந்தாலும் என் கையத்தான சொல்லுவாக."

எனக்கு ஆத்திரமாக வந்தது. சோறூட்டி வளர்க்க ஆகும் கை, ஒரு முடிச்சுப் போட ஆகாதா? அன்றைக்கே தீர்மானித்துவிட்டேன்.

செம்பட்டியில் முகூர்த்தம். கெட்டிமேளம் கொட்ட, அவர் இரண்டு முடிச்சுப் போட்டார். சித்தப்பா மகள் பின்னால் குனிந்ததும், நான் பிடரியில் கையை வைத்து மஞ்சள் கயிற்றைப் பொத்திக்கொண்டேன். "மதினி வரட்டும்" என்றேன். மணப்பெண் தலை நிமிர்ந்தாலே குற்றம் சொல்கிற காலம் அது. அவருடைய சின்னம்மா பல்லைக் கடித்துக்கொண்டு, "கைய எடுடி, நல்ல நேரம் போகுது" என்றாள். என் அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். நாயனக்காரர்தான் பாவம், நிறுத்தவும் முடியாமல் கன்னம் வீங்க ஊதிக்கொண்டே இருந்தார். நான் கையை எடுக்கவில்லை. அவர் என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு அடுக்களைப் பக்கம் திரும்பி, "அக்கா, வா" என்றார்.

ஈரக்கையைச் சேலையில் துடைத்தபடி வந்தாள். நான் கையை எடுத்ததும் கயிற்றைப் பிடித்து முடிந்தாள். "ஒன்னுக்கு ரெண்டாப் போட்ருக்கேன் ஆத்தா, கெட்டியா இருக்கட்டும்" என்றாள் என் காதோரம்.

போன மாதம் பேத்தியின் கல்யாணத்தில் முடிச்சுப் போட்டது யார் என்று ஒருவரும் கவனிக்கவில்லை. எல்லோரும் கேமராவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நல்லதுதான். ஆனால் செம்பட்டியில் அன்றைக்கு அத்தனை கண்ணும் மதினி மேல்தான் இருந்தது. அவள் அடுக்களைக்குத் திரும்பவில்லை. மணவறைக்கு நேர் எதிரே, சுமங்கலிகள் உட்கார்ந்திருந்த ஜமுக்காளத்துக்குப் போனாள்.

"செத்தத் தள்ளி உக்காருங்க சின்னம்மா" என்றாள்.