மாமாவின் பதின்மூன்று தாள்கள்

அந்த வாரம் முழுதும் எங்கள் கொட்டாஞ்சேனை வீட்டில் ஒரு சாமானும் சும்மா இருக்கவில்லை. அம்மாவின் தம்பி, அதாவது என் மாமா, மேசையைத் தட்டினார், பீங்கானைத் தட்டினார், தட்ட ஒன்றும் அகப்படாவிட்டால் என் தலையைத் தட்டினார். பகலில் அவர் துறைமுகத்தில் கிளார்க். பின்னேரங்களில் ஒரு நடன பாண்டில் சாக்ஸபோன் ஊதுவார், அதுவும் யாராவது வராத நாளில் மட்டும்.

பாண்ட் மாஸ்டர் அவருக்கு ஒரேயொரு சந்தர்ப்பம் கொடுத்திருந்தார். ஒரு பழைய மெட்டை, பதின்மூன்று பேர் சேர்ந்து வாசிக்கும் ஸ்விங் நடன இசையாக எழுதிக் கொண்டுவர வேண்டும். சனிக்கிழமை ஒத்திகையில் ஒருமுறை வாசித்துப் பார்ப்பார்கள். நன்றாக அமைந்தால் டிசம்பரில் நத்தார்ப் பண்டிகை நடனத்தில் அது ஒலிக்கும். மாமாவுக்கும் பாண்டில் நிரந்தர இடம் கிடைக்கும்.

"தம்பி, சோறு ஆறுது. இருந்து சாப்பிடன். காலில என்ன சக்கரமே பூட்டியிருக்கு?" என்பார் அம்மா.

"இன்னும் ரெண்டு ட்ரம்பெட்டுக்கு எழுதக் கிடக்கக்கா," என்று மாமா மறுபடி நடப்பார்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் ஆளுக்கொரு தாளாகப் பென்சிலில் எழுதி முடித்துவிட்டு முடிவெட்டப் போனார். நான் எட்டிப் பார்த்தேன். எனக்குப் பத்து வயது. கொன்வென்டில் மேற்கத்தைய சங்கீதம் படித்து, எழுத்துப் பரீட்சையில் வகுப்பிலேயே முதலாவதாக வந்த திமிர் வேறு. ஐயோ, மாமா! ஒரே பாட்டு, பியானோத் தாளில் வரியின் தொடக்கத்தில் சுருதியைக் காட்ட ஒரு குறி, ட்ரம்பெட்டில் வேறு குறி, சாக்ஸபோனில் இன்னொன்று. எங்கள் சிஸ்டர் கண்டால் காதைத் திருகியிருப்பார். அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று அம்மா சும்மாவா சொல்வார்? அழிறப்பரை எடுத்தேன். எட்டுத் தாள்களில் ஒவ்வொரு வரியாகக் குறிகளை அழித்து, பியானோவில் உள்ளபடியே திருத்தினேன்.

அந்த வாத்தியங்கள் பியானோவின் சுருதியில் செய்யப்பட்டவை அல்ல என்பதும், வெவ்வேறாக எழுதினால்தான் எல்லாம் ஒன்றாக ஒலிக்கும் என்பதும் எங்கள் பாடப்புத்தகத்தில் இல்லை.

ஒத்திகை பக்கத்துப் பகுதியான கொச்சிக்கடையில், ஒரு மண்டபத்தில். அடம்பிடித்து நானும் போனேன். கதிரையில் இருப்புக்கொள்ளவில்லை. மாஸ்டர் கையை உயர்த்தினார். பதின்மூன்று பேரும் தொடங்கினார்கள். மாதாவே! துறைமுகத்துக் கப்பல்கள் எல்லாம் ஒன்றாகச் சங்கு ஊதியது போலிருந்தது. இரண்டாம் வரியிலேயே ஒரு ட்ரம்பெட்காரர் சிரித்துவிட்டார்.

"என்ன தம்பி, மீன் சந்தையை எழுதிக்கொண்டு வந்தனியோ?" என்றார் மாஸ்டர்.

மாமா ஒரு சாக்ஸபோன் தாளை எடுத்து, அழித்த தடத்தை விரலால் தடவினார். பிறகு என்னைப் பார்த்தார். நான் நன்றியை எதிர்பார்த்துச் சிரித்தேன்.

"என்ர பிழை, மாஸ்டர். அவசரத்தில மாறி எழுதிப்போட்டன். பத்து நிமிஷம் தாங்கோ, திருத்தித் தாறன்," என்றார் மாமா.

"இப்ப நேரமில்லை. பிறகு பாப்பம்."

அந்தப் பிறகு வரவேயில்லை. மாமா கிளார்க்காகவே ஓய்வுபெற்றார்.

அன்று நடந்து வரும் வழியில் அவர் ஒன்றையும் தட்டவில்லை. எனக்கு ஐஸ்பழம் வாங்கித் தந்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டேதான் வாங்கினேன். கோபமென்றால் எனக்கு அப்படிக் கோபம். நான் மெனக்கெட்டு எட்டுத் தாள் திருத்திக் கொடுத்தும் மனுஷன் பாட்டைக் கெடுத்துவிட்டார். அத்தனை பேர் முன்னால் என் பெயரைக்கூட ஒரு வார்த்தை சொல்லவில்லை. வீடு வரும்வரை நான் அவரோடு கதைக்கவேயில்லை.